மடை பார்க்கிறவருக்கு வயல் கூடாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவன் நான். அந்த வருடம் ஊரில் கம்ப்யூட்டர் என்பது விரல் விட்டு எண்ணக்கூடிய பொருள். இந்த முறை அப்படியில்லை. என் கடை பாளையங்கோட்டையில் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் வடிந்த இரண்டாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகள். சாக்குப் பையிலும் பிளாஸ்டிக் வாளியிலும் சிபியுக்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருகைக் கழற்றித் தகட்டைத் திறந்தால் ஆற்று வண்டல் கொழகொழவென்று வழிந்தது.

சின்ன அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, பொட்டி போனாப் போயிட்டுப் போவுது. உள்ள இருக்கது மட்டும் எடுத்துத் தாங்க. பதினெட்டு வருசத்து வேல கெடக்கு அதுல."

அவருடைய எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றி, அதன் பலகையை ஸ்பிரிட்டில் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, என் மேஜையில் கிடந்த வேறொரு பெட்டியில் மாட்டினேன். விண்டோஸ் கொஞ்ச நேரம் தடுமாறி, புதிய மதர்போர்டைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு திறந்தது. கல்யாணப் பத்திரிகை, பூப்பு நீராட்டு, நினைவஞ்சலி என்று அவருடைய பதினெட்டு வருடமும் அப்படியே இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அன்று வந்த டிஸ்க் எல்லாம் பிழைக்கவில்லை. உள்ளே தண்ணீர் இறங்கிய பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பல போய்விட்டன. ஆனால் எதையுமே முயன்று பார்க்காமல் திருப்பி அனுப்பவில்லை, ஒன்றைத் தவிர.

அது ஒரு கல்லூரி மாணவியின் மடிக்கணினி. மெல்லிசு, விலை கூடியது. கம்பெனிப் பெயர் வேண்டாம், இன்று பல நிறுவனங்கள் இப்படித்தான் செய்கின்றன. அதில் டிஸ்க் என்று தனியாக எதுவும் இல்லை. நினைவகச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. அதில் எழுதியதைப் படிக்க அதே பலகையில் உள்ள இன்னொரு சில்லின் சாவி வேண்டும். பலகை செத்தால் சாவியும் சாகும். அந்தப் பெண்ணின் அப்பா கேட்டார்: "சார், வேற பொட்டில மாட்டிப் பாருங்களேன்."

முப்பது வருடமாக என் தொழில் நின்றது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். வேறு பெட்டியில் மாட்டிப் பார். அன்றைக்கு அவரிடம், மாட்ட முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, ஏன் இப்போது நம் கையை விட்டுப் போகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

1994-இல் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு மேக்கின்டாஷ் இருந்தது. ஆன் செய்தால் மணியடித்தது போல் ஒரு நாதம், திரையில் சிரிக்கும் முகம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் முதலில் 1985-இல் மேக்குக்காகத்தான் வந்தது. லேசர் பிரிண்டரில் பக்கம் எடுத்து அச்சுக்குக் கொடுக்கும் முறையே அங்கே பிறந்ததுதான். தமிழ் எழுத்து அதில் விழுகிற அழகை அன்றைய பிசி எதிலும் நான் கண்டதில்லை. பட்டர் ஷீட்டில் வந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றும் சொல்கிறேன், அதைப் போல மனதுக்கு நெருக்கமான இயந்திரத்தில் நான் வேலை செய்ததில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. எர்த் சரியாகப் போடாதது எங்கள் தப்பு. பிசி வைத்திருந்த பக்கத்துத் தெரு டைப்பிங் சென்டரிலும் அதே இடியில் ஒரு பலகை போனது. அங்கே மறுநாள் மத்தியானத்துக்குள் வேறொரு கம்பெனி மதர்போர்டை மாட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்து ஓட்டிவிட்டார்கள். எங்கள் பெட்டி நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், பாகம் கிடைக்கும்வரை காத்திருந்து திரும்பி வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. கார்த்திகை முகூர்த்தம் முழுக்கப் போய்விட்டது. கோப்புகள் ஃப்ளாப்பியில் இருந்தன. ஆனால் அந்தத் தமிழ் எழுத்துரு மேக் வடிவத்தில் இருந்ததால் பிசியில் திறந்தால் வெறும் குறிகளாக வந்து நின்றது. முதலாளி யாரையும் திட்டவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த ஓ.எஸ்.ஸ வேற ஒருத்தன் செஞ்ச பொட்டில போட்டா ஓடாதாடே?"

ஓடாது என்றேன். அந்த இயங்குதளம் ஏன் ஓடாது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதே சில்லைப் போட்டு வேறொருவர் பெட்டி செய்ய எந்திரத் தடை பெரிதாக இல்லை, மேக்கைச் செய்த ஆப்பிளின் அனுமதி இல்லை என்பதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

1996-இல் கையிலிருந்த பணத்தையும் அம்மாவின் வளையலையும் வைத்துச் சொந்தமாக அசெம்பிளிங் தொடங்கினேன். மாதம் இரண்டு தடவை சென்னைக்குப் பயணம். காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்து, மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் மாலைவரை அங்கேதான். தைவான் மதர்போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில், ஹார்ட் டிஸ்க் வேறொன்றில். கேபினெட்டும் மானிட்டரும் லாரி சர்வீஸில் வரும். பலகைகளை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி ஊர் திரும்புவேன். பத்துக் கம்பெனிப் பாகங்கள், ஒன்றையொன்று அறியாத பத்துத் தொழிற்சாலைகள். அவற்றை ஒரு பெட்டிக்குள் சேர்த்து ஜம்பர் சரிபார்த்து சுவிட்சைப் போட்டால் ஓ.எஸ். கேள்வி கேட்காமல் ஏறியது. முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் ஆலங்குளத்திலும் கம்ப்யூட்டர் சென்டர்கள் தோன்றியது இதனால்தான். பிராண்டட் பெட்டி வாங்கும் வசதி அந்த ஊர்களுக்கு இருந்ததில்லை.

இதற்கு மூலம் ஒரு பழைய ஒப்பந்தம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதற்கான ஓ.எஸ்.ஸை மைக்ரோசாஃப்டிடம் வாங்கியது. மைக்ரோசாஃப்ட் அதைத் தானே எழுதவில்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கித் திருத்திக் கொடுத்தது. ஆனால் ஒரு உரிமையை மட்டும் கையில் பிடித்து வைத்துக்கொண்டது: இதை மற்றவர்களுக்கும் நாங்கள் விற்போம். 1982 நவம்பரில் காம்பேக், பெட்டியை எழுப்பும் நிரலான ஐபிஎம்மின் பயாஸைப் பார்த்து எழுதாமல், அது செய்யும் வேலையை மட்டும் கவனித்துத் தானே எழுதி, ஐபிஎம்முக்கு ஈடான பெட்டியை அறிவித்தது. பிறகு ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொரு பயாஸை யார் கேட்டாலும் விற்றது. அதன் பின் தைவானில் யாரும் பலகை செய்யலாம், பாளையங்கோட்டையில் யாரும் மாட்டலாம் என்று ஆயிற்று. நான் சோறு தின்றது அந்த ஒரு உரிமையால்.

ஆப்பிளுக்கும் அந்த வழி தெரியாமலில்லை. 1985 ஜூனில் பில் கேட்ஸே ஆப்பிளின் தலைவர் ஜான் ஸ்கல்லிக்கு எழுதினார்: உங்கள் ஓ.எஸ்.ஸை மற்ற கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுங்கள், அப்போதுதான் அது ஒரு தரமாக நிலைக்கும் என்று. கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து, விண்டோஸ் ஊரெல்லாம் பரவிய பிறகு, 1994 இறுதியில்தான் கதவைத் திறந்தார்கள். பவர் கம்ப்யூட்டிங் என்ற புதிய நிறுவனம் 1995 மே மாதத்திலிருந்து மேக் ஓடும் பெட்டிகளை விற்றது. அதைத் தொடங்கிய ஸ்டீபன் காங் அதற்கு முன் மலிவான ஐபிஎம் நகல் பெட்டியை வடிவமைத்தவர். அவர் செய்தது ரிச்சி தெரு வேலைதான்: பிசிக்கு என்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பாகங்களைப் போட்டு, போனில் ஆர்டர் வாங்கி, கேட்டபடி அசெம்பிள் செய்து அனுப்பினார். மோட்டரோலா, யூமாக்ஸ், ரேடியஸ் ஆகியவையும் உரிமம் வாங்கின.

கம்ப்யூட்டர் பத்திரிகைகளில் இதைப் படித்தபோது என் பழைய முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சென்னைக்கு எத்தனை போன் போட்டிருப்பார்! அப்படியொரு பெட்டி எங்கள் கண்ணில் படவே இல்லை. அதற்குள் கதை முடிந்துவிட்டது.

முடிந்தது எப்படி என்பதுதான் முக்கியம். உரிமம் வாங்கியவர்கள் புது வாடிக்கையாளர்களை விண்டோஸிடமிருந்து பிடித்து வருவார்கள் என்று நம்பித்தான் ஆப்பிள் உரிமம் கொடுத்தது. நகல் பெட்டிகளை வாங்கியவர்களோ, பெரும்பாலும் ஏற்கெனவே மேக் வாங்கிக்கொண்டிருந்த அச்சகக்காரர்களும் வடிவமைப்பாளர்களும். பவர் கம்ப்யூட்டிங்கின் பெட்டி சில சமயம் ஆப்பிளின் பெட்டியைவிட வேகமாக ஓடியது, விலையும் குறைவு. ஒரு பெட்டிக்குக் கிடைத்த உரிமத் தொகை சுமார் 50 டாலர் என்று அன்று எழுதினார்கள். இழந்த விற்பனையின் லாபமோ அதைப் போலப் பல மடங்கு. 1996 நிதியாண்டில் ஆப்பிளுக்கு 816 மில்லியன் டாலர் நஷ்டம், அடுத்த ஆண்டு நூறு கோடி டாலரைத் தாண்டியது. 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கதவை மூடினார். உரிமங்கள் சிஸ்டம் 7-க்கு மட்டும் எழுதப்பட்டவை, 7.7 என்று வரவேண்டிய அடுத்த பதிப்புக்கு மேக் ஓ.எஸ். 8 என்று பெயர் வைத்தார்கள், உரிமம் செல்லாமல் போயிற்று. செப்டம்பரில் பவர் கம்ப்யூட்டிங்கின் உரிமத்தையும் வாடிக்கையாளர் பட்டியலையும் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு ஆப்பிளே வாங்கிவிட்டது. மோட்டரோலா புதிய பொதுத் தரத்தில் பெட்டியைச் செய்து தயாராக வைத்திருந்தது. அது கடைக்கே வரவில்லை.

ஜாப்ஸ் அன்று அதைச் செய்யாவிட்டால் அந்த நிறுவனம் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை வைத்து "பார்த்தீர்களா, எதிரிக்கு ஓ.எஸ். கொடுத்தால் இப்படித்தான்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தவறு கொடுத்ததில் இல்லை. கொடுத்த கை எது என்பதில் இருந்தது.

என் தாத்தா சேர்மாதேவிக்காரர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. பிசானப் பருவத்தில் தண்ணீர் தட்டும்போது முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் வயல் பத்தில் மடையைத் திறந்து அடைத்துப் பார்த்தவருக்கு அந்தப் பத்தில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. களத்தில் நெல்லாகக் கூலி வாங்கிக்கொள்வார். சின்ன வயதில் தாத்தாவிடம், வயல் இல்லாதவர் கையில் ஏன் மடையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏல, மடை பாக்கவனுக்கு வயலு இருந்தா ராத்திரி தண்ணி எங்குட்டுப் பாயும்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆப்பிள் மடையும் பார்த்தது, அதே வாய்க்காலில் வயலும் வைத்திருந்தது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மடை தன் வயல் பக்கம் திரும்பத்தான் செய்யும். ஐபிஎம் ஓஎஸ்/2 என்ற தன் ஓ.எஸ்.ஸைக் கொண்டுவந்தபோது மற்ற பெட்டிக் கம்பெனிகள் தயங்கியதும் இதனால்தான். சந்தையில் தன்னை அடிக்கிறவனிடமே தண்ணீர் வாங்க யாருக்கு மனம் வரும்?

இதே கதை நம் மாநிலத்திலும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை திறந்தபோது தென்மாவட்டப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். என் கடையில் சால்டரிங் பழகிய பையன் ஒருவனும் போனான். சிம்பியன் என்ற போன் ஓ.எஸ். 1998-இல் பல கம்பெனிகளின் கூட்டுச் சொத்தாகத் தொடங்கியது. 2008-இல் நோக்கியா அதை முழுதாக வாங்கியது. இரண்டே வருடத்தில் சாம்சங்கும் சோனி எரிக்சனும் அதை விட்டு விலகின. 2011-இல் நோக்கியா மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறியது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலையே வாங்கியது. விண்டோஸ் போன் செய்துகொண்டிருந்த மற்றவர்களுக்கு அதில் மிச்சம் இருந்த நம்பிக்கையும் போயிற்று. நோக்கியாவின் மேல் இருந்த வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. ஆலை மூடியதற்கு வரி வழக்கும் காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் மடையும் வயலும் ஒரே கைக்குப் போன ஒவ்வொரு முறையும் பக்கத்து வயல்காரன் எழுந்து போனான் என்பதும் உண்மை. அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி வந்து இப்போது மேலப்பாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

வயல் இல்லாதவர் மடை பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. இதையும் என் தொழில்தான் கற்றுக்கொடுத்தது. பிசிக்கு ஓ.எஸ். கொடுத்த காலத்தில் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தப் பெட்டி இல்லை. ஆனால் அந்த மடையிலும் எல்லாருக்கும் ஒரே அளவு பாயவில்லை. பெட்டியில் எந்த ஓ.எஸ். போட்டாலும் போடாவிட்டாலும், அனுப்பிய ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டணம் கொடு என்ற ஒப்பந்தம் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்க அரசு தலையிட்டு 1994-இல் அதை நிறுத்த வைத்தது. ஐபிஎம் தன் ஓஎஸ்/2-வை விடாமல் விற்றதால், விண்டோஸ் 95-க்கான உரிமம் அதற்கு 1995 ஆகஸ்ட் 24 அன்று, வெளியீட்டு விழா தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் கிடைத்தது. பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்த விஷயம் இது. ஐபிஎம்முக்கே அப்படி என்றால் பாளையங்கோட்டைக்காரனுக்கு?

அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. ஆரம்ப வருடங்களில் நான் விற்ற பெட்டிகளில் போட்ட விண்டோஸ் திருட்டுப் பிரதி. ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தோம். பெரிய பிராண்டுகளுக்கு மொத்த விலை. என்னைப் போன்றவனுக்குக் கிடைத்த விலையில் ஓ.எஸ். வாங்கிப் போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உரிமமில்லாத மென்பொருளை அறிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று பதிப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்து 1995 முதல் நடப்பில் இருந்தது. ரெய்டு என்று யாராவது புரளி கிளப்பினால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்போம். செய்தது தப்பு. பிறகு சிறு அசெம்பிளர்களுக்கென்று விற்ற பேக்குகளை வாங்கிப் போடத் தொடங்கினேன், வியாபாரம் குறைந்தாலும். யாருக்கும் கொடுப்போம் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, சிறியவனுக்கு எட்டாத விலையில் வைத்த உரிமம் பாதி உரிமம்தான் என்பதை அந்த இருட்டில் உட்கார்ந்து கற்றேன்.

முழு உரிமம் எப்படி இருக்கும் என்பதையும் ஒரு முறை பார்த்தேன். 2006, 2007 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் எத்தனை வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டர்! லினக்ஸை அழித்துத் தரச்சொல்லித்தான் பெரும்பாலான பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். பிரிண்டர் பிடிக்காது, கடைகளில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் திறக்காது. ஆனால் அதை அழிக்காமல் வைத்துக்கொண்ட நாலைந்து பேர் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தப் பெட்டியிலும் போட்டு, உடைத்துப் பார்த்துக் கற்றார்கள். இன்று என் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர்களில் ஒரு பெண்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓ.எஸ். எழுதுகிறவர் எதிரியின் பெட்டிக்கும் உரிமம் கொடுக்கத்தான் வேண்டும். விலை ஆளுக்கு ஆள் மாறக் கூடாது; ரிச்சி தெருவில் ஒற்றை ஆளாக அசெம்பிள் செய்கிறவருக்கும் அதே விலை, வெளிப்படையாக அச்சிட்ட விலை. பெட்டியும் விற்கிற நிறுவனம் என்றால் அந்த இரண்டு தொழிலையும் தனித்தனிக் கைகளில் பிரிக்க வேண்டும். அதற்கு மனமில்லை, எங்கள் ஓ.எஸ். எங்கள் பெட்டியில் மட்டும்தான் என்றால், அது அவர்கள் இஷ்டம். ஆனால் வாங்கியவர் தன் டிஸ்க்கைக் கழற்றவும் வேறு ஓ.எஸ். போடவும் வழி விட்டாக வேண்டும். பெட்டிக்குப் பணம் கொடுத்தது அவர்.

பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கப் போகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிறத்தையும் எடையையும் பார்ப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இதில் டிஸ்க் தனியாகக் கழலுமா? கழன்றால் வேறு பெட்டியில் மாட்டினால் படிக்குமா? கழலாது என்றால், வாங்கிய அன்றே தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வாரம் ஒரு முறை நகல் எடுத்து, அந்த டிஸ்க்கை வீட்டில் உயரமான அலமாரியில் வையுங்கள். ஆறு மறுபடியும் வரும்.